நாட்டுக்கோழி தாங்கும் என்று விட்டுவிடலாமா?

கேள்வி: டாக்டர் சார், வணக்கம். எங்களுக்குச் சேரன்மகாதேவி பக்கத்துல கிராமம். வீட்டுக்காரர் வெளிநாட்டுல வேலை பாக்காக. வீட்டுல நானும் அத்தையும் ரெண்டு பிள்ளைகளும்தான். போன கார்த்திகையில ஒரு சாவலும் ஆறு பெட்டையும் வாங்கிப் புறவாசல்ல விட்டேன். மொத அடையில 11 குஞ்சு. காக்காயும் கீரியும் தூக்கினது போக ரெண்டுதான் மிஞ்சுச்சு. ரெண்டாவது அடையில 9 குஞ்சு. பங்குனி கடைசியில சந்தையில ஒரு விடைக்கோழி வாங்கிட்டு வந்து இதுகளோட விட்டேன். ஒரு வாரத்துல அது சிறகைத் தொங்கப் போட்டு ஒடுங்கி நின்னு, பச்சையும் வெள்ளையுமா கழிஞ்சு செத்துப்போச்சு. அதுக்கப்புறம் வரிசையா எல்லாக் குஞ்சும், பெரிய பெட்டை மூணும் போயிட்டு. ஒரு குஞ்சு கழுத்தைத் திருகிக்கிட்டு வட்டம் சுத்தியே செத்துச்சு. அதைப் பாத்துட்டு நாலாம் வகுப்பு படிக்கிற எம் மக அன்னைக்குச் சாப்பிடவே இல்ல. நாட்டுக்கோழிக்கு ஊசி எதுக்கு, அது தாங்கும்னு எல்லாரும் சொன்னாக, நானும் போடல. இப்ப சாவலும் மூணு பெட்டையும் இருக்கு. சாவு நின்னு மூணு வாரமாச்சு. அத்தையோட தம்பி வீட்டுல இருந்து 13 முட்டை கொண்டாந்து ஒரு கோழியை அடை வச்சு இன்னைக்கு 12 நாள். இதுவும் போயிருமோன்னு பயமா இருக்கு.

இன்னொண்ணு, சாவல் மூணு மணிக்கே கூவுதுன்னு பக்கத்து வீட்டு அண்ணாச்சி சத்தம் போடுதாக. மக கிட்டப் போனா பறந்து வந்து கொத்துது. ஆனாலும் அவ அதுக்குப் பேரு வச்சு ஆசையா இருக்கா. அத்தை அதைச் சுடலைமாடனுக்கு நேந்து விட்டிருக்காக, ஆடியில கோயில் கொடை. பிள்ளைகிட்ட எப்படிச் சொல்ல? பேசாம கோழியே வேண்டாம்னு விட்டிரலாமா?

— ஒரு வாசகி, சேரன்மகாதேவி வட்டம்

பதில்: வணக்கம் அம்மா. விட வேண்டாம். அடைக்கு நாள் நெருங்குவதால் செய்ய வேண்டியதைச் சுருக்கமாக உங்களுக்கு முன்னமே எழுதி அனுப்பிவிட்டேன். இதே கஷ்டத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்கு வந்தது ராணிக்கெட் நோய். நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கோழியை நேரில் பார்க்காமல் இவ்வளவு அழுத்தமாகச் சொல்வது எனக்கு வழக்கமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் எல்லா அடையாளமும் இருக்கிறது. புதுக்கோழி வந்து ஒரு வாரத்தில் நோய் தொடங்கியது, பச்சை வெள்ளைக் கழிச்சல், குஞ்சும் பெரியதும் வரிசையாகச் செத்தது, கடைசியில் கழுத்துத் திருகல். இந்த வைரஸ் உடலுக்குள் போன பிறகு வெளியே தெரிய 2 முதல் 15 நாள் ஆகும். பெரும்பாலும் 5, 6 நாளில் தெரிந்துவிடும். சந்தையில் நீங்கள் பார்த்தபோது அந்த விடைக்கோழி துறுதுறுவென்றுதான் இருந்திருக்கும். உங்கள் கண்ணில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி ஒருமுறை இப்படி நடந்தால் செத்த கோழியை உடனே ஒரு பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் வைத்து, அரசு கால்நடை மருத்துவமனைக்கோ திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு போங்கள். அறுத்துப் பார்த்தால் இரைப்பையின் உட்சுவரிலும் குடலிலும் இரத்தக் கசிவு தெரியும், சந்தேகம் தீரும். ஒரே நாளில் கூட்டமாகச் செத்தால் மட்டும் நீங்கள் தொடாமல் முதலில் மருத்துவருக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலும் அப்படித்தான் வரும்.

இப்போது அந்தப் பேச்சுக்கு வருகிறேன்: "நாட்டுக்கோழி தாங்கும்." நெல்லைச் சீமையில் எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு இதைச் சொல்கிறார்கள். அம்பாசமுத்திரம் பக்கத்து வயல்காட்டிலும் சொல்கிறார்கள், ராதாபுரம் பக்கத்துத் தேரிக்காட்டிலும் சொல்கிறார்கள். நாட்டுக்கோழிக்கு உண்மையிலேயே பல பலம் உண்டு. வெயில் தாங்கும், தானே இரை தேடும், எதிரியைக் கண்டால் பறந்து கிளையில் ஏறும், அடை காக்கும். பண்ணைக்கோழியிடம் இந்தக் குணங்கள் கிடையாது. ஆனால் ராணிக்கெட் வைரஸுக்கு நாட்டுக்கோழி, பண்ணைக்கோழி என்ற பேதம் தெரியாது. ஊசி போடாத கூட்டத்தில் அது நுழைந்தால் பத்தில் எட்டு ஒன்பது போவது சாதாரணம். உயிர் தப்பிய ஒன்றிரண்டு மறுபடி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து முற்றம் நிறைந்ததும், "பார்த்தியா, தாங்கிட்டு" என்கிறோம். செத்த குஞ்சுகளை எண்ணாமல், பிழைத்த கோழியை மட்டும் பார்த்துச் சொன்ன பேச்சு இது. நம் வீடுகளில் வளர்ப்பு நஷ்டமாவதற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. பொரித்த நாளிலிருந்து எட்டு வாரம் குஞ்சைக் காப்பாற்றிவிட்டால், அதன் பிறகு நாட்டுக்கோழி உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்காது.

ஆகவே அடையில் இருக்கும் முட்டையிலிருந்து தொடங்குவோம். 12 நாள் ஆகிவிட்டது. குஞ்சு பொரிக்க 21 நாள். இன்னும் 9 நாள் உங்கள் கையில் இருக்கிறது. இன்றிரவே ஒவ்வொரு முட்டையையும் எடுத்து, இருட்டில் டார்ச் வெளிச்சத்துக்கு மேல் வைத்துப் பாருங்கள். உள்ளே கருமையாகத் திரண்டு இரத்தக் குழாய்கள் ஓடினால் கரு நன்றாக இருக்கிறது. முழுக்கத் தெளிவாகத் தெரிந்தால் அது கூமுட்டை, எடுத்துவிடுங்கள். அடைக்குள்ளேயே வெடித்தால் நல்ல முட்டையும் கெடும். மகளைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஓட்டுக்குள் கரு அசைவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்குக் கோழி வளர்ப்பில் பாதிப் பாடம் அன்றைக்கே புரிந்துவிடும். கூடையில் அத்தை இரும்புத்துண்டும் கரித்துண்டும் வைத்திருந்தால் இருக்கட்டும், கெடுதல் ஒன்றுமில்லை.

அடைக்கோழியின் சிறகடியையும் கழுத்தையும் விரலால் விலக்கிப் பாருங்கள். மூன்று வாரம் ஓரிடத்தில் உட்காரும் கோழியிடம் செள்ளும் பேனும் பெருகும். அரிப்புத் தாங்காமல் அடையை விட்டு எழுந்துபோகும் கோழிகள் உண்டு. அடுப்புச் சாம்பல், மணல், காய்ந்த வேப்பிலைத் தூள் மூன்றையும் கலந்து ஒரு பழைய டயருக்குள் கொட்டி வையுங்கள். இரை எடுக்க இறங்கும்போது தானே புரண்டுகொள்ளும். வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் கோழி மேல் தூவாதீர்கள். அது குஞ்சைக் கொல்லும், முட்டை வழியே உங்கள் பிள்ளைகளுக்கும் வரும்.

இந்த 9 நாளில் புறவாசலைச் சுத்தம் செய்துவிட வேண்டும். பழைய கூட்டில் இருந்த வைக்கோல், எச்சம் எல்லாவற்றையும் வாரி எரித்துவிடுங்கள். கூட்டைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயப்போட்டு, பிறகு சுண்ணாம்பு அடியுங்கள். தரையிலும் சுண்ணாம்புத்தூள் தூவுங்கள். இந்த வைரஸுக்கு வெயில் ஆகாது. நிழலும் ஈரமும் இருக்கும் இடத்தில் எச்சத்துக்குள் வாரக்கணக்கில் கிடக்கும். தொழுவத்து மூலை, தண்ணீர்ச் சட்டி வைக்கும் இடம், வைக்கோல் படப்புக்கு அடி இவற்றை மறக்காதீர்கள்.

தடுப்பு மருந்து பற்றிப் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. வெயில் காலத்தில் நோய் உச்சத்துக்குப் போகும் என்பதால் அதற்கு முன்னாலேயே போடுகிறார்கள். இலவசம்தான். ஆனால் அங்கே போடுவது 8 வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கான ஊசி. அந்த வயதை எட்டாத குஞ்சுக்கு அது ஆகாது. முகாமில் ஊசி போட்ட வீட்டிலும் பங்குனியில் குஞ்சு சாவது இதனால்தான். "ஊசி போட்டும் செத்துச்சே" என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. செத்தது ஊசி போடாத குஞ்சு.

குஞ்சுக்கு உரியது சொட்டு மருந்து. எஃப் அல்லது லசோட்டா என்று கேட்டு வாங்க வேண்டும். பொரித்து 5 முதல் 7 நாளுக்குள் கண்ணிலோ மூக்குத் துளையிலோ ஒரு சொட்டு. குஞ்சு கண்ணை மூடித் திறந்து மருந்து உள்ளே போகும்வரை கையிலேயே வைத்திருங்கள். நாலாவது வாரம் லசோட்டா இன்னொரு சொட்டு. எட்டாவது வாரம் சிறகடியில் ஆர்.டூ.பி ஊசி, அரை மில்லி. நாலாவது வாரச் சொட்டு எதற்கு என்று கேட்பீர்கள். தாய்க்கோழிக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் அது மஞ்சள்கரு வழியாகக் குஞ்சுக்கும் கொஞ்சம் வரும். இரண்டு மூன்று வாரத்துக்கு அது காவல். ஆனால் முதல் சொட்டு மருந்தையும் அதுவே கொஞ்சம் முடக்கிவிடும். அது வடிந்த பிறகு போடுகிற சொட்டுதான் நன்றாகப் பிடிக்கும். உங்கள் முட்டை வேறு வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டுக் கோழிகளுக்கு ஊசி போட்டிருந்தார்களா என்று அத்தையை விட்டுக் கேளுங்கள். போடவில்லை என்றால் உங்கள் குஞ்சுக்குத் தாய்வழிக் காவல் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சொட்டு போட்ட அன்றே காவல் வந்துவிடாது. ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆக முதல் மூன்று வாரம் குஞ்சும் தாயும் தனியாக, மற்ற மூன்று கோழிகளின் எச்சம் படாத இடத்தில் இருக்க வேண்டும். திண்ணையோ மொட்டைமாடியில் நிழலான பக்கமோ போதும்.

மீந்த கோழிகளுக்கு இப்போதே ஆர்.டூ.பி ஊசி போடலாமா என்றால், வேண்டாம். அது உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்த, வீரியம் கூடிய மருந்து. போட்ட கோழியின் எச்சத்தில் கொஞ்ச நாள் அந்தக் கிருமி வெளியே வரும். பச்சைக்குஞ்சு இருக்கும் வீட்டில் அது நல்லதில்லை. குஞ்சுகளுக்கு முதல் சொட்டு போடும் நாளில் பெரிய கோழிகளுக்கும் லசோட்டா சொட்டு போடுங்கள். எட்டாவது வாரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஊசி போட்டுக்கொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மருந்துப் புட்டி சின்னதே 100 கோழிக்கானது. கரைத்துவிட்டால் ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பத்துக் கோழிக்காக யார் உடைப்பார்கள்? பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். உங்கள் தெருவில் யார் யார் வீட்டில் கோழி இருக்கிறது என்று கணக்கெடுங்கள். சத்தம் போடும் அண்ணாச்சி வீட்டுக்கும் போங்கள். காலை வெயில் ஏறுமுன் எல்லோரும் கோழியைப் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வைத்திருந்தால் ஒரு புட்டியில் தெருவே முடிந்துவிடும். தெருவில் எல்லாக் கோழிக்கும் போட்டால்தான் உங்கள் கோழிக்கும் நிஜமான காவல், ஏனென்றால் அவர்கள் கோழி உங்கள் குப்பையைத்தான் கிளறுகிறது. மருந்து வாங்கப் போகிறவர் கையில் ஐஸ் போட்ட பிளாஸ்க் இருக்கட்டும். பஸ்ஸில் சூடுபட்ட மருந்தைப் போடுவதும் தண்ணீரைப் போடுவதும் ஒன்றுதான்.

கைவைத்தியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம், மிளகு, கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதை நான் தடுப்பதில்லை. சோர்ந்த கோழி கொஞ்சம் இரை எடுக்க அது உதவும். ஆனால் ராணிக்கெட் வந்த பிறகு அதைக் குணமாக்கும் மருந்து எங்களிடமும் இல்லை, அடுக்களையிலும் இல்லை. வந்த பிறகு மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துப் போடுவது வீண்செலவு. அப்போது செய்ய வேண்டியது பிரித்து வைப்பது, செத்ததை ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பது. கன்னடியன் கால்வாயில் செத்த கோழி மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒருவர் வீசியது கீழே பத்து ஊருக்கு நோயாகப் போகிறது. நோய் தொடங்கியதும் மிச்சக் கோழியை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோவதும் அதே காரியம்தான். உங்கள் வீட்டுக்கு வந்த விடைக்கோழியும் இப்படி யாரோ கைகழுவிய கோழியாக இருக்கலாம். இனி எந்தப் புதுக்கோழி வந்தாலும் மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் விடுங்கள். மாமா வீட்டுக் கோழி என்றாலும் அப்படித்தான்.

குஞ்சு பொரித்த பிறகு முதல் இரண்டு நாள் அது இரை எடுக்கவில்லையே என்று பதற வேண்டாம். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள்கரு அதுவரை தாங்கும். தண்ணீரை மட்டும் தட்டையான தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள். ஆழமான சட்டியில் விழுந்து நனைகிற குஞ்சு குளிரிலேயே போய்விடும். வைகாசி பிற்பாதியில் பொரிக்கிறது. அடுத்து ஆனி, ஆடி மேல்காற்று. நம் பக்கம் அந்தக் காற்றின் வேகம் உங்களுக்குத் தெரியும். கூட்டின் மேற்குப் பக்கத்தைச் சாக்கோ பனையோலைத் தட்டியோ வைத்து அடைத்துவிடுங்கள். ஐப்பசியில் இதையே வடக்கிலும் கிழக்கிலும் மாற்றிக் கட்டுங்கள். தாய் நன்றாக அணைக்கிற கோழி என்றால் பல்பு தேவையில்லை. குஞ்சுகள் இரவில் தாயை விட்டு வெளியே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் மட்டும் 40 வாட் குண்டு பல்பு ஒன்று போடுங்கள்.

முதல் அடையில் நீங்கள் ஒன்பது குஞ்சை இழந்தது நோயால் அல்ல. அதற்கு மருந்து பஞ்சாரம். மூன்று வாரம்வரை பகலில் பஞ்சாரத்துக்கு வெளியே குஞ்சு நடமாட வேண்டாம். தாயை மட்டும் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் திறந்துவிடுங்கள். காக்கைக்கும் பருந்துக்கும் அது போதும். கீரி பகலில் வரும், மரநாய் இரவில் வரும், பாம்பு எப்போதும் வரும். அறுகோண ஓட்டை போட்ட கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் ஆகும். மரநாய் அதைக் கிழித்துவிடும், பாம்பு நுழைந்துவிடும். இரவுக் கூட்டுக்கு அரை அங்குல வெல்டு மெஷ் கம்பிவலை அடியுங்கள். கூடு கால் வைத்து இரண்டரை, மூன்றடி உயரத்தில் நிற்கட்டும். எச்சம் கீழே விழுந்து காயும், ஈரம் ஏறாது. 2023 டிசம்பர் 17, 18 மழையைத் தாமிரபரணிக் கரையில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தரையோடு ஒட்டிய கூடு இனி வேண்டாம்.

இரைக்குக் குருணை மட்டும் போட்டால் வயிறு நிறையும், சிறகு முளைக்காது. முதல் ஒரு மாதமாவது குஞ்சுத்தீவனம் வாங்கிப் போடுங்கள், அல்லது உடைத்த கம்பு, சோளத்தோடு புரதத்துக்கு ஏதாவது சேருங்கள். அதற்கு நம் பாட்டிமார் செய்த வழியைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. ஒரு பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, மாலையில் கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வையுங்கள். காலையில் நிமிர்த்தினால் பானை கொள்ளாமல் கரையான். குஞ்சுகள் அதன்மேல் விழுந்து பொறுக்கும். முருங்கைக்கீரையும் பொடியாக நறுக்கிப் போடலாம். பூசணம் பிடித்த கடலைப்புண்ணாக்கு வேண்டாம். கருவாட்டுத் தலையும் வேண்டாம். அந்த உப்பு குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். முட்டையிடும் பெட்டைக்குக் கிளிஞ்சல் தூள் ஒரு தட்டில் இருக்கட்டும், வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது வாரத்துக்குமேல் எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அது வேறு நோய், இரத்தக்கழிச்சல். தரை ஈரமாக இருந்தால் வரும். இதற்கு மருந்து உண்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள். கொண்டையில் பரு வந்தால் அம்மை, கொசு பரப்புகிறது. அதற்கும் தடுப்பு மருந்து இருக்கிறது, ஆறாவது வாரத்துக்குமேல் போடலாம்.

சேவல் கூவுவதை நிறுத்த முடியாது அம்மா. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013-இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். பகல் இரவு தெரியாத மங்கிய வெளிச்சத்திலேயே சேவல்களை வைத்திருந்தும், விடியல் நேரத்துக்கு முன்னால் அவை கூவின. அந்தக் கடிகாரம் அதன் உடம்புக்குள் இருக்கிறது. விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்குவது அதன் இயல்பு. ஆனால் மூன்று மணிக் கூவலுக்கு வெளித்தூண்டலும் காரணமாகலாம். தெருவிளக்கு, பைக் வெளிச்சம், அடுத்த தெருச் சேவலின் குரல் இவை அதைக் கிளப்பிவிடும். இரவில் சேவலை மட்டும் வெளிச்சம் புகாத, காற்று மட்டும் புகுகிற மரப்பெட்டியில் அடைத்து, அண்ணாச்சி வீட்டுக்கு எதிர்ப்பக்கச் சுவரோரம் வையுங்கள். கூவல் கொஞ்சம் தள்ளிப்போகலாம், சத்தமும் அமுங்கும். அதற்குமேல் அண்ணாச்சியிடம் நேரில் பேசுவதுதான் வழி. மாதம் நாலு முட்டை கொடுத்தால் தப்பில்லை. கழுத்தில் பட்டை கட்டிக் குரலை அடக்குவதாகச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள், மூச்சு முட்டும்.

முட்டை மட்டும் போதும் என்றால் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், அடை வைக்க மட்டும் உதவாது. அடைக்கு வேண்டும் என்றால் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இரண்டு வைத்தால் சண்டையும் கூவலும் இரட்டிப்பாகும்.

மகளைக் கொத்துவது அதன் குணக்கேடு அல்ல, அது தன் பெட்டைகளைக் காக்கிறது. குனிந்து நேராகப் போகிற, பயந்து ஓடுகிற சின்னப் பிள்ளையைத்தான் அது துரத்தும். கம்பால் அடித்தால் முரட்டுத்தனம் கூடும். நீங்கள் தினமும் மாலையில் அதைப் பிடித்துச் சிறகை அணைத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருங்கள். மகள் பக்கவாட்டில் நின்று இரை போடட்டும், ஓடாமல் மெதுவாகப் பின்வாங்கட்டும். கால்முள்ளின் கூர்முனையை அரத்தால் மழுக்கிவிடலாம். இத்தனைக்குப் பிறகும் முகத்துக்குப் பறந்தால் பிள்ளை புறவாசலுக்குத் தனியே போக வேண்டாம். கண் போனால் வராது. கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதையும், குஞ்சுக்கு முத்தம் கொடுக்காமல் இருப்பதையும் இப்போதே பழக்குங்கள். குஞ்சின் எச்சத்தில் இருக்கும் சால்மொனெல்லா கிருமி பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும்.

நஷ்டத்தையும் நோயையுமே எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ஏன் விடக்கூடாது என்று நான் நினைக்கிறேன் தெரியுமா? லாபத்துக்காக அல்ல. சிறுவிடை இன நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 80 முட்டைதான் இடும். ஒரு சாயங்காலம் மகளோடு உட்கார்ந்து அந்தச் சேவலைக் கவனியுங்கள். நல்ல இரை கிடைத்தால் தான் விழுங்காமல் அலகால் எடுத்து எடுத்துக் கீழே போட்டு, ஒரு தனிக் குரலில் பெட்டைகளைக் கூப்பிடும். வானத்தில் பருந்து தெரிந்தால் ஒரு குரல், தரையில் நாயோ கீரியோ வந்தால் வேறு குரல். முதல் குரலுக்குப் பெட்டைகள் பதுங்கும், இரண்டாவதுக்குக் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும். அடை முடிய ஒரு நாள் இருக்கும்போது முட்டையைக் காதோடு வைத்தால் உள்ளிருந்து குஞ்சு கத்துவது கேட்கும், தாய் அதற்குப் பதில் சொல்லும். பொரிக்குமுன்பே அம்மாவின் குரலைக் குஞ்சு அறிந்துகொள்கிறது. இதையெல்லாம் சொந்தப் புறவாசலில் பார்த்து வளரும் பிள்ளை, கோயில் திருவிழாவில் விற்கிற பச்சை, ரோஸ் கலர் குஞ்சு கேட்டு அழமாட்டாள். அவை முட்டைப்பண்ணைக்கு வேண்டாத ஆண்குஞ்சுகள். சாயம் முக்கி, சூடும் மருந்தும் இல்லாமல் வருபவை. பெரும்பாலும் சில நாளில் செத்துவிடும். வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக நேர்ச்சை. சுடலைக்கு நேர்ந்ததை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அது அத்தையின் வார்த்தை. ஆனால் பிள்ளையிடம் சேவல் ஓடிப்போய்விட்டது, கீரி பிடித்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். கழுத்துத் திருகிச் செத்த குஞ்சைப் பார்த்தவள் அவள். ஆடியில் இன்னொரு சாவுக்குப் பொய்க்காரணம் கேட்டால் இனி எந்தக் குஞ்சையும் நம்பி நேசிக்க மாட்டாள். இப்போதே, அத்தையே உட்கார்ந்து, எதற்காக நேர்ந்தேன் என்று அவளிடம் சொல்லட்டும். அவள் மனம் ஒப்பவே இல்லை என்றால், வேறு சேவல் ஒன்றை வாங்கிக் கொடுத்து இதை வைத்துக்கொள்ள உங்கள் கோயிலில் வழக்கம் உண்டா என்று பூசாரியிடம் கேட்டுப்பாருங்கள். சில ஊர்களில் உண்டு. எதுவானாலும் கொடைக்குக் கொடுக்கும் சேவலுக்கு அதற்கு முந்தின மூன்று வாரம் ஊசியோ மருந்தோ இருக்கக் கூடாது, பிறகு அதைச் சாப்பிடப் போகிறீர்கள். முதல் சொட்டு வைகாசியிலேயே முடிந்துவிடும், அதில் தொந்தரவில்லை. எட்டாவது வார ஊசி ஆடியில் வரும். கொடைத் தேதியைப் பார்த்து, நாள் போதாது என்றால் அந்தச் சேவலை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றுக்குப் போடுங்கள்.